அம்மாவின் வயலில் சித்தப்பாவின் ஜீப்

1971 அக்டோபர் 12, செவ்வாய்க்கிழமை. புரட்டாசி 26. அன்று காலையில் விசேஷம் எதுவும் இல்லை. அப்பா கூடத்து ஜன்னலில் கண்ணாடியைச் சாய்த்து வைத்துச் சவரம் செய்துகொண்டார். பண்ணையாட்கள் வேலைக்கு வருவதை நிறுத்தியிருந்ததால் அம்மாவே கொல்லையில் பால் கறந்தாள். முதல் காபி சித்தப்பாவுக்கு, அடுத்தது அப்பாவுக்கு. காய்ச்சல் விட்டிருந்த எனக்குக் கஞ்சி. பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்று அம்மா சொல்லியிருந்ததால், அன்று முழுவதும் ஜீப்பில் உட்கார்ந்திருக்கலாம் என்று நான் முடிவு செய்திருந்தேன். எனக்கு ஒன்பது வயது.

அந்த ஜீப்பைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் என் தங்கை மகன். சென்ற மாதம் ஒரு பழைய ஜீப் வாங்கியிருக்கிறான். டயரை மாற்றி, உயரத்தைக் கூட்டி, வண்டி விலையைவிட அதிகமாக அதன்மேல் கொட்டப்போகிறானாம். "காட்டுலயும் மேட்டுலயும் போகும் பெரியம்மா. எவ்வளவு செலவு பண்ணாலும் தகும்தானே?" என்று கேட்டான். தகாது என்று நான் சொன்ன வேகத்தில் பயந்துபோய்ப் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. என் கோபம் நாற்பது வருஷத்துக்கு மேல் பழையது.

குடவாசலுக்குத் தெற்கே இருந்தது எங்கள் ஊர். சித்தப்பா ராணுவ ஏலத்தில் ஜீப்பை எடுத்தபோது அது நல்ல வண்டியாகத்தான் இருந்தது. இலேசான வண்டி. நான்கு சக்கரமும் இழுக்கும். கும்பகோணத்துப் பட்டறை மேஸ்திரியிடம் போனபிறகுதான் அதற்குச் சனி பிடித்தது. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் வைத்தார்கள். பின்பக்கத்தை வெட்டி நீட்டி, ஆட்கள் உட்கார இரண்டு வரிசை பலகை போட்டார்கள். அதைத் தாங்க அடியில் வில்பட்டைகளைக் கூட்டினார்கள். முன்னால் தண்டவாளக் கனத்தில் ஓர் இரும்புத் தடுப்பு. கடைசியாக, டிராக்டருக்கு மாட்டுவதுபோல இரும்புக் கூண்டுச் சக்கரங்கள். ஒவ்வொரு தடவை பட்டறையிலிருந்து திரும்பும்போதும் வண்டி ஒரு பிடி உயர்ந்திருக்கும். எனக்கு அது யானை வளர்வதுபோல இருந்தது.

எதற்காக இதெல்லாம் என்று நான் கேட்டதில்லை. இன்று சொல்கிறேன். அறுத்து அடித்துத் தரும் ஒவ்வொரு கலம் நெல்லுக்கும் கூலியாக அரை லிட்டர் கூடுதலாக வேண்டும் என்று ஆட்கள் கேட்டார்கள். அப்பாவும் சித்தப்பாவும் மறுத்தார்கள். குறுவை முற்றித் தலை சாய்ந்து நின்றது. ஐப்பசி மழை வருவதற்குள் அறுக்காவிட்டால் நெல் வயலிலேயே முளைத்துவிடும். வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவரலாம் என்றால், வயலுக்குப் போகும் ஒரே பாதை ஆட்களின் தெரு வழியாகப் போகிறது. அங்கே செங்கொடி ஏற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஆகவே தெருவைத் தொடாமல், தார் ரோட்டிலிருந்து நேரே வயலுக்குள் இறங்கி வெளியாட்களைக் கொண்டுபோக ஒரு வண்டி. அரை லிட்டர் நெல்லை மிச்சப்படுத்த அந்த இரும்பு மலை. இந்த ஏற்பாட்டை வீட்டில் எல்லோரும் சாமர்த்தியம் என்றார்கள், அம்மாவைத் தவிர.

அம்மாவுக்கு இதில் ஒரு பாத்தியதை இருந்தது. கழக ஆட்சி நில உச்சவரம்பை முப்பது ஏக்கரிலிருந்து பதினைந்தாகக் குறைத்தபோது, மிஞ்சிய நிலத்தைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளாமலிருக்க, ரோட்டோரத்து வயலைச் சீதன நிலம் என்று சொல்லி அம்மா பெயரில் காட்டியிருந்தார்கள். பதிவாளர் அலுவலகத்தில் அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அம்மா அப்படி நினைக்கவில்லை.

அன்று காலை காபியைக் கொடுக்கும்போதே அவள் சொன்னாள்: "என் வயலுக்கு மட்டுமாவது அந்த அரை லிட்டரைக் குடுத்து அறுக்கச் சொல்லுங்க."

சித்தப்பா சிரித்தார். "அண்ணி, உங்க வயல் எந்தப் பக்கம் இருக்குன்னு முதல்ல சொல்லுங்க பாப்போம்."

அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மறுநாள் வெளியாட்கள் வருவதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம். சித்தப்பா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ரோட்டிலிருந்து வண்டியை வயலுக்குள் இறக்கினார். அது அம்மாவின் வயல்தான். வயல் காயாமல் இருந்தது. அறுப்புக்கு முன்னால் மடையை வெட்டித் தண்ணீரை வடியவிட வேண்டும். அதைச் செய்கிறவரும் வேலைநிறுத்தத்தில் இருந்தார். ஒரு மண்வெட்டியை எடுத்துப்போய் வரப்பில் இரண்டு வெட்டு வெட்டியிருந்தால் தண்ணீர் தானாக வடிந்திருக்கும். எங்கள் வீட்டு ஆண்கள் யாருக்கும் அது தோன்றவே இல்லை. மண்வெட்டி பிடிப்பதைவிடச் சேற்றில் ஓடும் வண்டி செய்வது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

பழைய ஜீப்பாக இருந்தால் ஒருவேளை மிதந்தாவது போயிருக்கும். இந்த வண்டி பாதி வயல்வரை முற்றிய கதிரை மடக்கி மிதித்துக்கொண்டே போய், களிமண்ணில் குந்தி உட்கார்ந்துவிட்டது. சித்தப்பா எஞ்சினை உறுமவிட்டார். கூண்டுச் சக்கரங்கள் நெல்லையும் சேற்றையும் சேர்த்து வாரி இறைத்தன. வண்டி இன்னும் கீழே போனது. கதிர் நசுங்கும் வாசனை எனக்குப் பிடித்திருந்தது.

சத்தம் கேட்டுத் தெருவே வரப்பில் வந்து நின்றது. முன்னால் நின்றவர், நடவுக்கும் அறுப்புக்கும் பெண்களைச் சேர்த்துக் கூட்டிவருகிற ஒரு பெண்மணி. அம்மாவைவிட மூத்தவர். நான் அவரை நீ, வா என்றுதான் கூப்பிடுவேன்; அப்படித்தான் பழக்கியிருந்தார்கள்.

"என்னா சார், குறுவையே இன்னும் அறுக்கல. அதுக்குள்ள தாளடிக்கு உழுதுட்டீங்க?" என்றார் அவர்.

வரப்பு முழுவதும் சிரிப்பு. சித்தப்பாவுக்குச் சிரிப்பைவிட 'சார்'தான் சுட்டது. போன வருஷம்வரை அது 'சின்னய்யா'வாக இருந்தது.

"வாய் பேசாம வந்து தள்ளுங்க."

"தள்ளலாம் சார். கூலிய முடிச்சிட்டுத் தள்ளலாம்."

"வண்டி தள்ளத் தனியாக் காசு தரேன்."

"வண்டிக் கூலி ஆருக்கு வேணும்? நாங்க கேக்குறது அறுப்புக் கூலி."

அப்போது அப்பா வரப்பில் வேகமாக வந்தார். அவருக்குப் பின்னால் அம்மா. வயல் பக்கம் அம்மா வந்து நான் பார்த்ததே இல்லை. காலில் செருப்பில்லை, புடவைக் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்திருந்தாள். நசுங்கிக் கிடந்த இரண்டு தடங்களையும் ரோட்டிலிருந்து ஜீப்வரை கண்ணால் அளந்தாள்.

"இதுதானா என் வயலு?" என்று கேட்டாள்.

"நீ எதுக்கு இங்க வந்த? வீட்டுக்குப் போ," என்றார் அப்பா.

"இது அம்மா வயலுங்களா?" என்று கேட்டார் வரப்பில் நின்ற பெண்மணி.

"அண்ணிக்கு என்ன தெரியும்? அது சும்மா பேருக்கு..." என்று சித்தப்பா ஆரம்பித்தார்.

"டேய்!" என்றார் அப்பா.

கூட்டத்திலிருந்த ஓர் இளைஞர் மெதுவாகக் கேட்டார்: "பேருக்குன்னா என்னா சார்? தாசில்தாருக்கு மனு எழுதறோம். அதுல இதையும் சேத்துக்கிடவா?"

சித்தப்பா ஸ்டியரிங்கைப் பார்த்தார். அப்பா வானத்தைப் பார்த்தார், கிழக்கே கறுத்திருந்தது. பிறகு, "அவ வயலுதான்," என்றார்.

"அப்ப நான் சொல்றேன்," என்றாள் அம்மா. "கலத்துக்கு அரை லிட்டர் கூட. நாளைக்கு வந்து அறுங்க."

அப்பா ஏன் அப்படிச் சுருங்கிப்போனார், அம்மா முதலில் சொன்ன அந்த மூன்று வார்த்தைக்கு ஏன் தெருவே விழுந்து விழுந்து சிரித்தது என்று எனக்கு விளங்கவில்லை. அது அம்மா வயல் என்பது தெரிந்த விஷயம்தானே!

வடக்கயிறு வந்தது. "எறங்குங்க சார், நீங்க வேற கனத்துக்கிட்டு," என்று சித்தப்பாவைச் சேற்றில் இறக்கிவிட்டார்கள். மல்லுவேட்டி முழங்கால்வரை கறுப்பானது. அந்தப் பெண்மணி என்னை இடுப்பில் தூக்கிவந்து வரப்பில் விட்டார். நாற்பது கை சேர்ந்து இழுத்ததில் ஜீப் ரோட்டுக்கு வந்தது. சாயங்காலம் வெளியாட்களை வர வேண்டாம் என்று ஆளனுப்பிச் சொல்லிவிட்டார் அப்பா. ஒரு வயலுக்குக் கொடுத்த கூலியை மற்ற வயல்களுக்கு மறுக்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் புதன்கிழமை. வெளிச்சம் வந்ததும் அம்மா குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, வாசற்படியில் நின்றாள். "அறுப்பு பாக்கப் போறேன். நீயும் வரியா?" என்று என்னைக் கேட்டாள். அம்மா என்னை எங்கேயும் அப்படி அழைத்ததில்லை. அதே நேரத்தில் சித்தப்பா ஜீப்பைக் கிளப்பினார். கும்பகோணத்துப் பட்டறைக்குப் போகிறாராம். முன்னால் ஒரு வின்ச் பொருத்தப்போகிறார். இரும்புக் கயிறு சுற்றிய உருளை, எவ்வளவு சேற்றில் மாட்டினாலும் வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும். "இனிமே எவனையும் கூப்பிட வேண்டியதில்ல," என்றார்.

எனக்கு அதைவிடப் பெரிய அதிசயம் உலகத்தில் இருப்பதாகத் தோன்றவில்லை. பல்கூடத் துலக்காமல் ஓடிப்போய் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன்.