வைஃபை கேட்டேன்... பாகம் கேட்டதாகிவிட்டது!

போன வாரம் எனக்கு ஒரு மெயில் வந்தது. ரொம்ப மரியாதையான மெயில். 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. வேறொருவரைத் தேர்வு செய்திருக்கிறோம். தங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்.'

வாழ்த்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? வேலை போச்சு!

என்ன நடந்தது என்று சொல்கிறேன். கொஞ்சம் கோபமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு ஆன்லைனில் பாடம் நடத்துகிற ஒரு கம்பெனி. தமிழ்ப் பாடங்களைத் திருத்த ஆள் தேடினார்கள். வீட்டில் இருந்தபடியே வேலை. விண்ணப்பம் அனுப்பிப் பார்த்தேன்... கிடைத்துவிட்டது! ஒரு மாதம் சோதனை, தேறினால் நிரந்தரம் என்றார்கள்.

இந்தப் பத்திரிகைக்கு வாரம் ஒரு பத்தி எழுதுவதை எங்கள் வீட்டில் யாரும் வேலை என்று சொன்னதில்லை. 'அது பாட்டுக்கு என்னமோ எழுதிக்கிட்டிருக்கும்' என்பார்கள். ஆனால் இது மாதச் சம்பளம். என் பேரில், என் பேங்க் அக்கவுண்ட்டில். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவை. அன்றைக்கு சந்தோஷத்தில் ரசத்துக்கு உப்புப் போட மறந்துவிட்டேன்.

வேலை மொத்தமும் ஒரு வெப் பக்கத்தில். பாடம் திரையில் வரும், அதன் மேலேயே திருத்த வேண்டும். வேறு இடத்தில் அடித்துக் கொண்டுவந்து ஒட்டுகிற ஜோலியெல்லாம் கூடாது. எல்லாம் தானாகவே சேவ் ஆகிவிடும் என்றார்கள்.

ஆகவில்லை! பக்கம் ஜோராகத் திறக்கிறது. அடித்தால் எழுத்து விழுகிறது. ஆனால் மேலே ஓரத்தில் 'சேவ் ஆகிறது...' என்று ஒரு வட்டம் சுற்றுகிறது பாருங்கள், சுற்றுகிறது, சுற்றுகிறது, காபி குடித்துவிட்டு வந்தாலும் சுற்றுகிறது. மூடித் திறந்தால் செய்த திருத்தம் ஒன்றுகூட இல்லை.

பிரவுசரை மாற்றினேன். ஆன்டிவைரஸை நிறுத்தினேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். கடைசியில் மொட்டை மாடிக்குப் போய், தண்ணித் தொட்டி ஓரத்தில் மட்டும் கிடைக்கிற போன் சிக்னலில் இணைத்துப் பார்த்தேன். சட்டென்று சேவ் ஆனது. அப்போ கோளாறு லேப்டாப்பில் இல்லை... வீட்டு நெட்டில்.

கம்பெனியின் டெக்னிக்கல் ஆள் ஒரு பெண். போன் போட்டேன்.

"உங்க வீட்டு ஃபயர்வால்தான் மேடம். பக்கத்தைத் திறக்க விடுது, சேவ் பண்ற கனெக்‌ஷனை மட்டும் தடுக்குது. ரூட்டர்ல எங்க சைட்டை அனுமதிச்சுட்டா ரெண்டு நிமிஷத்துல சரியாயிடும்."

"ரூட்டர் எங்க வீட்ல இல்லீங்களே."

"எங்க இருக்கு மேடம்?"

"எங்க வீட்டுக்காரரோட அண்ணன் வீட்ல."

"அப்ப அவர்கிட்ட சொல்லிடுங்க மேடம்." எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்!

நாமக்கல்லில் இருந்து பரமத்தி போகிற ரோட்டில் எங்களுக்குக் கோழிப்பண்ணை. அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் பொது. ஒரே காம்பவுண்டில் ரெண்டு வீடு. பண்ணை கேமராவுக்காக நெட் இணைப்பு பெரிய வீட்டில் இருக்கிறது. அங்கிருந்து எங்களுக்கு ஒரு ஒயர் வரும். என் வீட்டுக்காரருடைய அண்ணனை நான் பெரிய மாமா என்று கூப்பிடுவேன். அவர் மகள் இந்த வருஷம் டாக்டர் பரீட்சை எழுதுகிறாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் பிள்ளை பரீட்சை எழுதினால் அது எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். டிவி மேல் ஜமக்காளம் போர்த்திவிடுவார்கள். ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள், யாரும் வரக் கூடாது. குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுகூடத் தள்ளிப் போச்சு. அந்தக் கணக்கில், பெரிய மாமா கேபிள்காரரைக் கூப்பிட்டு ரூட்டரில் ஃபயர்வால் போட்டுவிட்டார். 'பாடத்தைத் தவிர ஒண்ணும் உள்ள வரக் கூடாது' என்று உத்தரவு.

என் வேலையும் பாடம்தானுங்களே! ஃபயர்வாலுக்கு அது எங்கே தெரியப்போகிறது?

பெரிய மாமாவின் மனைவியிடம் போய்ச் சொன்னேன். அக்கா தங்கமான மனுஷி. என் கையைப் பிடித்துக்கொண்டு, "பரிச்சை முடியட்டும் சாமி. அதுவரைக்கும் அதுல கை வெச்சு ஏதாச்சும் ஒண்ணு ஆயிப்போச்சுன்னா... புள்ளை வாழ்க்கையில்ல?" என்றார்.

பிள்ளை வாழ்க்கைதான். நான் எதிர்த்துப் பேச முடியுமா?

அதனால் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். கீழே வீட்டில் உட்கார்ந்து அடிப்பது. பக்கத்தை மூடாமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவது. போன் நெட்டில் இணைப்பது. சேவ் ஆனதும் இறங்குவது. மேலேயே உட்கார்ந்துவிடலாமே என்பீர்கள். சித்திரை வெயிலில் எங்கள் மொட்டை மாடியில் வடகம்தான் உட்காரும்.

ஏறி இறங்கி முழங்கால் வலி கண்டதும் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ஏனுங்க, நம்ம வீட்டுக்குத் தனியா ஒரு கனெக்‌ஷன் போட்டுக்கலாமுங்களா?"

அவர் முகம் மாறிப்போச்சு. "தனியாவா? அண்ணன் என்ன நெனைப்பாரு?"

"என்ன நினைப்பாரு? நெட்டுன்னு நினைப்பாரு."

"உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று எழுந்து பண்ணைக்குப் போய்விட்டார். தெரியாதவள் நான்தான். எங்கள் பக்கத்துக் கூட்டுக் குடும்பத்தில் 'தனி' என்ற வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். தனி அடுப்பு, தனி மீட்டர், தனி போர்வெல்... எதைக் கேட்டாலும் பாகம் கேட்டதாகத்தான் கணக்கு. அந்த வரிசையில் வைஃபையும் சேர்ந்துவிட்டது எனக்குத் தெரியாமல் போச்சு.

என் நச்சரிப்புத் தாங்காமல் ஒருநாள் அண்ணனிடம் மென்று முழுங்கிச் சொல்லியிருக்கிறார். பெரிய மாமா கத்தவில்லை. சண்டை போடவில்லை. "அப்புடிங்களா... சரி, பெரியவங்களைக் கூப்பிட்டுப் பேசிரலாம்" என்று மட்டும் சொன்னாராம். அடுத்த நாளே திருச்செங்கோட்டில் இருந்து பங்காளிகள், பரமத்தி வேலூரில் இருந்து தாய்மாமன், எல்லாரும் கார் ஏறி வந்துவிட்டார்கள். பரீட்சைக்காக ஒறம்பரையே வரக் கூடாது என்றிருந்த வீடு!

அன்றைக்குத்தான் நான் சோதனைக் காலத்தின் கடைசிப் பாடத்தை ஒப்படைக்க வேண்டிய நாள். காலையிலேயே உட்கார்ந்து, வரி வரியாகத் திருத்தி முடித்திருந்தேன். நான் செய்ததிலேயே அதுதான் உருப்படியான வேலை. மாடி ஏறப் போகிறேன்... வாசலில் கார் வந்து நிற்கிறது. பேசுவதற்கு எங்கள் வீடுதான் வசதி என்று எல்லாரும் இங்கே வந்துவிட்டார்கள். லேப்டாப்பை அப்படியே திறந்தபடி வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடினேன். காபி, சாப்பாடு, மறுபடி காபி.

பேச்சு ஓடியது. "இன்னைக்கு நெட்டைத் தனியாக் கேப்பாங்க, நாளைக்குப் பண்ணையைத் தனியாக் கேப்பாங்க" என்றார் ஒரு பங்காளி. "பொம்பளைக்குத் தனியா நெட்டு எதுக்குங்கறேன்?" என்றார் தாய்மாமன், நான் வைத்த பொரியலைப் பிசைந்துகொண்டே. இத்தனை பேரில் ஒருத்தராவது 'ஏம்மிணி, உனக்கு எதுக்கு அது வேணும்?' என்று என்னிடம் கேட்டிருக்கலாம். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், ரசச் சட்டியோடு.

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஃபேனைப் பார்த்தார். பிறகு, "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாங்கண்ணா. இவ என்னமோ பொழுதுபோகாம கேட்டா" என்றார்.

பொழுதுபோகாம!

அவர்கள் கிளம்பி, பாத்திரம் ஒழித்து, நான் மாடி ஏறும்போது வெயில் சாய்ந்துவிட்டது. போன் நெட்டில் இணைத்தேன். திரையில் ஒரு கட்டம் வந்தது. 'நீண்ட நேரம் செயல்பாடு இல்லாததால் வெளியேற்றப்பட்டீர்கள். மீண்டும் உள்ளே வரவும்.' உள்ளே போனேன். பாடம் பழையபடி, பிழை ஒன்றுகூடக் குறையாமல் இருந்தது. தண்ணித் தொட்டியில் சாய்ந்துகொண்டு அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

கம்பெனிக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். எத்தனை தடவைதான் அவர்களும் 'நெட் சரியில்லை' என்ற என் பாட்டைக் கேட்பார்கள்? நெட் சரியாகத்தான் இருந்தது. ஃபயர்வாலும் சொன்ன வேலையைத்தான் செய்தது. ரெண்டு நிமிஷ வேலைக்கு நான் அனுமதி வாங்க வேண்டிய ஆட்கள்தான் ஒரு கார் நிறைய இருந்தார்கள். இதுக்கெல்லாம் எந்த டெக்னிக்கல் பெண் வந்து வழி சொல்வாள்?

பரீட்சை முடிந்தது. மறுநாளே கேபிள்காரர் வந்து ஃபயர்வாலை எடுத்துவிட்டுப் போனார். சாயங்காலம் பெரிய மாமா எங்கள் வாசலுக்கு வந்து நின்றார்.

"அம்மிணி, நெட்டு இப்ப நல்லா வருதா? உனக்கு என்னமோ வேலைன்னு அக்கா சொல்லிச்சு. இனித் தாராளமாப் பாரு சாமி."

நிஜமாகவே அக்கறையாகத்தான் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன்.

"நல்லா வருதுங்க மாமா" என்றேன்.

இந்தப் பத்தியை அந்த வைஃபையில்தான் அனுப்புகிறேன். பெரிய மாமா வாராவாரம் பத்திரிகை வாங்கி முதலில் இந்தப் பக்கத்தைத்தான் படிப்பார்.

படிக்கட்டும்!