வலிக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்தான்

அந்தச் செவ்வாய்க்கிழமை என் கணவர் ஜாபர் காலை பத்து மணிக்கே வேலையிலிருந்து திரும்பி வந்தார். திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறையில் வேலை. பதினெட்டு வருடத்தில் ஒருநாளும் பாதியில் வந்தவர் இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஹாலில் வெறுந்தரையிலேயே சுருண்டு படுத்துவிட்டார்.

பொழிச்சலூரில் எங்கள் தெருமுனை கிளினிக்கில் வாயு என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பினார்கள். மதியத்துக்குள் வலி தாங்க முடியாமல் போனது. நானும் அவருடைய அக்கா மும்தாஜும் ஆட்டோவில் தாம்பரத்தில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

அங்கே ஓர் இளம் பெண் டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். இறுக்கமில்லாமல் மெத்தென்றுதான் இருந்தது. எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை. இவரோ பல்லைக் கடித்துக்கொண்டு துடிக்கிறார்.

“என் தம்பி சும்மா கத்துற ஆளில்ல டாக்டர். லேத்துல விரல் நசுங்குனப்பகூட தானா நடந்து வந்தான்” என்றார் மும்தாஜ் அக்கா.

எனக்குப் பயம்கூட இல்லை. மரத்துப்போயிருந்தேன். ஒரு மூலையில் துண்டை விரித்து, பிற்பகல் தொழுகையான அஸர் தொழுதேன். தெரிந்த குர்ஆன் சூராவே பாதியில் மறந்தது. கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. கையேந்தியபோது ஒரே ஒரு வரிதான் வந்தது.

“யா அல்லாஹ், எங்க கோளாறுன்னு யாருக்காவது காட்டிக் குடு.”

திரும்பி வந்தபோது டாக்டர் என் கணவரின் மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றார். “நாடி தாறுமாறா ஓடுதும்மா. ஹார்ட் பிரச்சினை ஏதாவது இருக்கா?”

இருந்தது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்திருந்தார்கள். இரண்டு மாதமாக அவர் போடவில்லை. எனக்கும் தெரியும். சொல்லிச் சொல்லி அலுத்து விட்டுவிட்டேன். அதையும் டாக்டரிடம் சொன்னேன்.

“ஹார்ட்ல உறைஞ்ச ரத்தக்கட்டி குடலுக்குப் போற ரத்தக்குழாயை அடைச்சிருக்கலாம். சாய மருந்து ஏத்தி சிடி ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும். ரத்த டெஸ்ட்ல பார்த்தா இவருக்குக் கிட்னி கொஞ்சம் வீக்கா இருக்கு, சாயம் அதை பாதிக்கலாம். ஆனா காத்திருந்தா குடலே செத்துடும்மா.”

கையெழுத்துப் போட்டேன். அது என் கை மாதிரியே இல்லை.

ஸ்கேன் முடிந்ததும் கூப்பிட்டுத் திரையில் காட்டினார். சாயம் ஓடிய குழாய்கள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. அதில் ஒன்று மட்டும் பாதியில் நின்றுபோயிருந்தது.

“இங்கதான் அடைப்பு. குடல்ல முக்கால்வாசி இன்னும் உயிரோட இருக்கு. உடனே ஆபரேஷன் பண்ணிடலாம்.”

நான் கேட்டது என் கண்முன்னால் இருந்தது. அப்போதும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. மும்தாஜ் அக்காதான் அழுதார்.

ரத்தக்கட்டியை எடுத்தார்கள். கெட்டுப்போன குடலில் கொஞ்சம் வெட்டினார்கள். ஆறாம் நாள் அவர் இரண்டு கரண்டி கஞ்சி குடித்துவிட்டு, “உப்பே இல்லியே” என்று முகம் சுளித்தார். அப்போதுதான் வராந்தாவுக்கு ஓடிப்போய் உட்கார்ந்து அழுதேன்.

கிட்னியும் தேறிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். இப்போது அவர் மாத்திரையை விழுங்கும்வரை நான் நகர்வதில்லை. பட்டறைக்கும் போகிறார்.

சகோதரிகளே, உள்ளம் கல்லாகிப் போயிருக்கும்போது கேட்டு என்ன பயன் என்று விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். படைத்தவனிடம் வாயில் வந்ததைக் கேளுங்கள். நான் அன்று நம்பிக்கையோடு கேட்டேனா என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.