மடியில் போன பை

கண்டி பஸ்ஸில் நிற்பவரிடம் அன்பாகப் பையைக் கேட்கிறவர்கள் எல்லோரும் ஒரே கள்ளர் கூட்டம் என்று, ஐம்பத்திரண்டு வயதில், முழு மனதாக நம்பியவன் நான். சொன்னவர் மன்னாரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். அவர் வவுனியாவைத் தாண்டியதில்லை. நானோ மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கியதில்லை.

மகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. பதிவுக்காக முதல் நாளே போனவள் சான்றிதழ்களை வீட்டு மேசையிலேயே விட்டுவிட்டாள். பன்னிரண்டு மணியோடு பதிவு முடிகிறது. எங்கள் குடும்பத்தில் கம்பஸ் படிக்கப்போகும் முதல் ஆள்! சான்றிதழ்களைக் கறுப்புப் பையில் வைத்து, பாதுகாப்புக்கென்று என் போனையும் அதற்குள்ளேயே போட்டுக்கொண்டு, கண்டியில் புசல்லாவை பஸ் ஏறினேன். அது பேராதனை வழியாகத்தான் போகும். ஒரு காலுக்குத்தான் இடம் கிடைத்தது. மற்றக் காலை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

சீட்டில் இருந்த ஊதாச் சேலை அம்மா கையை நீட்டினார்.

"குடுங்க ஐயா, மடியில வச்சுக்கிறேன்."

வந்துவிட்டது கள்ளர் கூட்டம்!

"வேண்டாம் அம்மா! இதுக்குள்ள என்ர மகளின்ர சேட்டிபிக்கற் எல்லாம் கிடக்கு. பேராதனைச் சந்தியில நிக்கிறாள். பன்னிரண்டு மணிக்குள்ள குடுக்கவேணும்!"

பஸ் முழுக்கக் கேட்டது. பொருளின் பெறுமதியையும் இறங்கும் இடத்தையும் கள்ளருக்கு இவ்வளவு விளக்கமாகச் சொன்னவன் வேறு யாரும் இருக்க முடியாது.

"அப்ப கெட்டியா புடிச்சுக்குங்க. பக்கத்து ஆளு மூக்க மட்டும் ஒடச்சிறாதீங்க" என்றார் அம்மா.

அடுத்த வளைவில் பை பக்கத்து ஆளின் மூக்கில்தான் போய் நின்றது. சரணடைந்தேன். பை அம்மாவின் மடிக்குப் போனது. ஏறிய கூட்டம் என்னைப் பின்கதவுவரை தள்ளிக்கொண்டு போனது.

கெட்டம்பேயில் பஸ் நின்றது. முன்கதவால் ஒரு ஊதாச் சேலை இறங்குகிறது. கையில் கறுப்புப் பை!

"பிடியுங்கோ!" என்று பின்கதவால் பாய்ந்தேன். அந்தப் பெண் திரும்பினார். வேறு முகம். பையிலிருந்து சமையலுக்கு வாங்கிய லீக்ஸ் எட்டிப் பார்த்தது. நான் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது.

ஒரு ஆட்டோவை மறித்தேன். தொப்பி போட்ட ஓட்டுநர், முஸ்லிம் அண்ணன் ஒருவர்.

"நானா, முன்னுக்குப் போற பஸ்ஸைப் பிடிங்கோ!"

"என்ன கலர்?"

"நீலம்."

"கண்டீல பாதி பஸ் நீலம்தான் சேர். ஏறுங்க."

மகாவலி ஆறு ஒரு பக்கம் ஓட, நாங்கள் அதைவிட வேகமாக ஓடினோம். பையை நினைத்துப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு நீல பஸ்ஸையும் முந்தும்போது "விடாதீங்கோ நானா!" என்று துள்ளிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், அப்படியொரு சவாரி அதற்கு முன் எனக்கு வாய்த்ததில்லை.

பேராதனைச் சந்தியில் மகள் நின்றாள். தோளில் கறுப்புப் பை.

"எங்கயப்பா போனனீங்கள்? கொண்டக்டர் பஸ்ஸை நிப்பாட்டி, சேட்டிபிக்கற் மகள் ஆரெண்டு சத்தம் போட்டவர். ஊதாச் சீலை அன்ரி ஒராள் ஜன்னலால பையை நீட்டினவ."

"என்னைப் பற்றி ஏதும் கேட்டவவோ?"

"'ஒங்கப்பா பின்னால வருவாரு, பயப்படாத. அவரையும் யாராச்சும் மடியில வச்சுக்கிட்டிருப்பாங்க' எண்டவ."

மணி பதினொன்றேகால். மகள் நேரத்தோடு பதிவை முடித்தாள். அந்த பஸ்ஸில் பையை எடுத்துக்கொண்டு ஓடியவர் ஒருவருமில்லை. பையை விட்டுவிட்டு ஓடியவன் மட்டும் ஒருவன் இருந்தான்.