அக்கரை அடவு

மேட்டுப்பாளையம் பேருந்து நிலையத்தில், பச்சைச் சேலை கட்டிய கும்மிக் குழு ஒன்று திருவிழாவுக்குப் போக வேனை எதிர்பார்த்து நிற்கிறது. ஊட்டி பஸ் அவர்கள்மேல் புகையைக் கக்கிவிட்டுப் போகிறது.

குனிந்து கைதட்டி, ஓர் எட்டு பின்வைத்துச் சட்டென்று திரும்பும் கும்மி அடவு ஒன்று எந்த ஊரில் பிறந்தது என்று தெரியாமல், கும்மி அடவுகளைப் பதிவு செய்துவரும் நான் இன்று கோவை திரும்பப் போவதில்லை. பவானி ஆற்றுக்கு அக்கரையில் அது எங்களுடையது என்கிறார்கள். இக்கரையிலும் அதையேதான் சொல்கிறார்கள். அங்கே இடப்பக்கம் திரும்புகிறார்கள், இங்கே வலப்பக்கம்.

நேற்று அக்கரையில் எடுத்த வீடியோவைக் குழுத் தலைவியிடம் காட்டுகிறேன்.

"இது எங்க அடவுங்க. அவிங்க பாத்துப் பழகி, திரும்பறத மட்டும் தப்பாப் பழகிப்போட்டாங்க."

"நீங்க யாருகிட்டங்க அக்கா கத்துக்கிட்டீங்க?"

"எங்கம்மாகிட்டங்க."

"அம்மா இந்த ஊருங்களா?"

"இல்லீங்க, அக்கரை. நான் பொறந்ததும் அங்கதானுங்க."

விடை கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். "அப்ப அடவு அக்கரையோடதுதானுங்களே?"

அவர் முந்தானையை இழுத்து இடுப்பில் இறுக்கிச் செருகுகிறார்.

"கண்ணாலங் கட்டிக்கிட்டு இங்க வாரப்பவே நான் அதைக் கையோட கொண்டாந்துபோட்டனுங்க. அப்பறம் அது அங்க எப்படிங்க இருக்கும்?"

கூட நிற்கும் பெண்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, வந்து நின்ற வேனில் ஏறுகிறார்கள்.