புகையிலை என்று சொன்னார்கள்

விநாயகமூர்த்தியின் வீட்டு மேல்மாடியில் அறை கிடைத்த அன்று யோகமலர் அதன் கதவை உள்ளிருந்து பூட்டினாள், திறந்தாள், மறுபடியும் பூட்டினாள். கனடாவில் பார்க்டேலுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து அவளும் கணவன் சிவபாதமும் குழந்தையும் படுத்ததெல்லாம் யாரோ ஒருவரின் வீட்டு ஹோலில்தான். வீட்டுக்காரர் டிவி பார்த்து முடிக்கும்வரை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு விழித்திருக்க வேண்டும். அறை கேட்டுப் போன இடங்களில் குழந்தையைக் கண்டதும் முகம் மாறியது. அகதிக் கோரிக்கை முடியாதவர்கள் என்று தெரிந்ததும் கதவே மூடியது. 1986ஆம் ஆண்டுக் குளிர் தொடங்குவதற்குள் ஒரு பூட்டும் அதைத் திறக்கத் தன் கையில் ஒரு திறப்பும் கிடைத்தது அவளுக்குப் பெரிய காரியம். இந்த அறை கைவிட்டுப் போகக்கூடாது என்ற ஒரே எண்ணத்தில்தான் அவள் அந்த வீட்டில் நடந்தாள், பேசினாள், பெரும்பாலும் பேசாமலே இருந்தாள்.

விநாயகமூர்த்தி அந்த வீட்டை ஒரு வெள்ளைக்காரனிடம் வாடகைக்கு எடுத்து, அறை அறையாக நம்மவர்களுக்குக் கொடுத்திருந்தார். நிலத்துக்குக் கீழிருந்த பேஸ்மென்ட் மட்டும் வெள்ளைக்காரனுடையதாகவே இருந்தது. அங்கே எந்நேரமும் ஏதோ ஒரு மோட்டார் முனகிக்கொண்டிருக்கும். யோகமலர் அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.

தை மாதத்தில் விநாயகமூர்த்தி அவளைக் கீழே கூப்பிட்டார். படியிறங்கியவளுக்குக் கண் கூசியது. கூரையில் தொங்கிய பெரிய விளக்குகளுக்குக் கீழே பிளாஸ்டிக் தொட்டிகள் வரிசையாக இருந்தன. அவற்றில் மண் இல்லை, வெறும் கூழாங்கல். கல்லின் நடுவே இடுப்பளவு செடிகள் நின்றன. குழாய் வழியாக மருந்துத் தண்ணீர் வந்து கல்லை நனைத்துவிட்டுத் திரும்பிப் போனது. ஒரு தொட்டி கசிந்து, ஒட்டியிருந்த பக்கத்து வீட்டுச் சுவரில் ஈரம் ஏறிவிட்டதாம். அங்கிருந்த போர்த்துக்கீசக் கிழவி மோட்டார்ச் சத்தத்தையும் சேர்த்துச் சொல்லிச் சண்டைக்கு வந்துவிட்டாள். இனித் தண்ணீரும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம், எல்லாவற்றையும் மண்ணுக்கு மாற்று என்று வெள்ளைக்காரன் சொல்லிவிட்டான். விநாயகமூர்த்தி ஊரில் தபால் கந்தோரில் உத்தியோகம் பார்த்தவர். மண்ணைத் தொட்டறியாதவர்.

"தங்கச்சி தோட்டக்காரற்றை பிள்ளையல்லோ. உமக்குக் கைவந்த வேலை."

அவள் இலையைத் திருப்பிப் பார்த்தாள். "மரவள்ளி மாதிரியெல்லோ கிடக்கு?"

"உது இஞ்சத்தைப் புகையிலை. குளிர்நாட்டுச் சாதி. இஞ்சை டெல்ஹி எண்டு ஒரு ஊர் இருக்கு, அங்கை முழுக்கப் புகையிலைதான். இவன் வரி கட்டாமல் ஒளிச்சு வளக்கிறான், அவ்வளவுதான். வெளியிலை கதைச்சுப் போடாதையும்."

கனடாவில் டெல்ஹி இருப்பது அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. அவர் தன் முகத்தைப் பார்க்காமல் விளக்கைப் பார்த்துச் சொன்னதையும் அவள் கவனித்தாள். ஆனால் மேலே அறை இருந்தது, அறையில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. ஓம் என்றாள்.

ஊரில், புன்னாலைக்கட்டுவனில், எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு, அவள் கண்டதெல்லாம் புகையிலைத் தோட்டம்தான். தண்ணீரில் வளர்ந்த வேரை அவள் அதுவரை கண்டதில்லை. கல்லுக்குள்ளிருந்து தூக்கியபோது அது இடியப்பம்போல வெள்ளையாய், நீளமாய், தொட்டால் அறுந்துவிடும்போல வந்தது. செல்லமாக வளர்ந்த வேர், மண்ணின் பாரம் தாங்காது என்று அவளுடைய கைக்குத் தெரிந்தது. சிக்கிய கல்லை ஒவ்வொன்றாக எடுத்தாள். பைகளில் வந்த கறுப்பு மண்ணைப் பொலபொலவென்று உதிர்த்து, வேரை மடியாமல் இறக்கி, அமுக்காமல் மூடினாள். அப்படியும் செடிகள் தலையைத் தொங்கப் போட்டன. வெயிலுக்குக் கன்றை மறைப்பதுபோல விளக்குக்கும் செடிக்கும் நடுவே பழைய சேலையைக் கட்டினாள். சிவபாதம் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிவிட்டு வந்து சோறு கேட்கும்போதும் அவள் கீழேதான் இருந்தாள்.

ஒரு கிழமை கழித்து இலைகள் நிமிர்ந்தன. விநாயகமூர்த்தி எல்லோருக்கும் கேட்க அவளைப் புகழ்ந்தார். இனி இந்த அறை உங்களுடையதுதான் என்றார். சிவபாதம்கூட அன்று அவளுக்குத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தான்.

மாசி முடியும்போது நுனிகளில் மொட்டு வைத்தது. வெள்ளை மயிரோடு குஞ்சம் குஞ்சமாக, பிசுபிசுவென்று. பூ வந்தால் இலை மெலிந்துவிடும். மொட்டைக் கண்டதும் நுனியை முறிக்காதவன் தோட்டக்காரன் இல்லை. அதை அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒருநாள் காலையில் தொடங்கி, ஒரு செடி விடாமல், மொட்டெல்லாவற்றையும் கிள்ளினாள். விரலில் கறுத்த பிசின் ஒட்டியது. ஊரில் புகையிலை முறித்த நாள்களில் ஒட்டிய அதே பிசின்போல இருக்கவே, இருந்த சந்தேகமும் அவளுக்குப் போயிற்று. கிள்ளியதை அள்ளிக் குப்பைப் பையில் கட்டி வெளியில் வைத்தாள். நகராட்சி லொறி வந்து எடுத்துக்கொண்டு போனது.

பின்னேரம் விநாயகமூர்த்தி கீழே போனார். அவர் கத்திய கத்தலில் மேலே பிள்ளை எழும்பி அழுதது. படியிறங்கிய யோகமலருக்குப் பின்னால் சிவபாதமும் ஓடி வந்தான்.

"உதிலை பூவுக்குத்தானே காசு! இலையை வைச்சு நான் சுண்டித் தின்னுறதோ?" என்றார் விநாயகமூர்த்தி. "கஞ்சாவுக்கு நுனி முறிக்கிற விசரியை இண்டைக்குத்தான் காணுறன்."

கஞ்சா என்ற சொல் யோகமலரின் காதில் விழுந்தது. பொருள் உடனே விழவில்லை. கணவனைத் திரும்பிப் பார்த்தாள். சிவபாதம் அவளைப் பார்க்கவில்லை.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. அவளுக்குத் தெரியாது. பயப்பிடுவாள் எண்டு நான்தான் சொல்லாமல் விட்டனான்."

விநாயகமூர்த்தி கத்தியதெல்லாம் பிறகு அவளுக்கு மறந்துபோனது. சிவபாதம் சொன்ன இந்த ஒரு வார்த்தை மறக்கவில்லை.

அறைக்குள் வந்து, எப்போதிருந்து தெரியும் என்று கேட்டாள். குடிவந்த கிழமையே தெரியும் என்றான். பொலிஸ் வந்திருந்தால் என்று கேட்டாள். பிள்ளைக்காரியைப் பொலிஸ் ஒன்றும் செய்யாது என்று விநாயகமூர்த்தி அண்ணை சொன்னவர் என்றான். அதனால்தான் அவளைக் கீழே விடலாம் என்று இரண்டு பேரும் யோசித்திருக்கிறார்கள். அதைச் சொல்லும்போதும் அவன் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

இரண்டு நாள் கழித்து விநாயகமூர்த்தி சமாதானமாக வந்தார். வெள்ளைக்காரன் புதுக்கன்று கொண்டு வருகிறானாம். இந்த முறை நுனியில் கை வைக்காமல் வளர்த்துக் கொடுத்தால் போதுமாம், அறை அறையாகவே இருக்குமாம்.

"அவ செய்வா அண்ணை," என்றான் சிவபாதம்.

"நான் மாட்டன்," என்றாள் யோகமலர்.

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. இரண்டு பேரும் காத்திருந்தார்கள், அவள் இன்னும் ஏதாவது சொல்லுவாள், பிறகு இறங்கி வருவாள் என்று. அவள் பிள்ளையின் உடுப்பை மடிக்கத் தொடங்கினாள்.

பங்குனியில், பனி இன்னும் கரையாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் வெளியேறினார்கள். தொழிற்சாலையில் உடுப்புத் தைக்கிற வேரோனிக்கா என்ற தெரிந்த பெண் தன் வீட்டு ஹோலில் இடம் கொடுத்தாள். யோகமலர் மறுபடியும் மற்றவர்கள் படுக்கப் போகும்வரை மடியில் பிள்ளையோடு விழித்திருந்தாள். சிவபாதம் அவளோடு ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலு செடியைப் பார்க்கத் தெரியாமல், இருந்த வீட்டையும் இல்லாமல் ஆக்கினாள் என்று வந்தவர் போனவருக்கெல்லாம் சொன்னான்.

கதை பரவியது. முதலில் கோபமாக இருந்தது, சொல்லச் சொல்லப் பகிடியும் சிரிப்புமாகிவிட்டது. 1988இல் யாரோ ஒருவரின் பிள்ளைக்குப் பிறந்தநாள். சிவபாதம் கையில் கிளாசோடு நின்று, மொட்டைக் கிள்ளிக் கிள்ளிப் போடுவதுபோல விரலைக் காட்டி, அந்தக் கதையைச் சொன்னான். விநாயகமூர்த்தியும் வந்திருந்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர்கள் இருவரும் எப்போது திரும்பக் கதைக்கத் தொடங்கினார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

யோகமலர் ரோல்ஸ் பலகாரத் தட்டோடு வந்தாள்.

"அன்ரி, உண்மையாவோ? எல்லாத்தையும் கார்பேஜிலையோ போட்டனீங்கள்?" என்று ஒரு பெடியன் கேட்டான்.

"ஓம்," என்றாள். பிறகு கணவனைப் பார்த்து, "நான் மாட்டன் எண்டு சொன்னதையும் சொல்லுங்கோ," என்றாள்.

"சொன்னவ, சொன்னவ," என்றான் சிவபாதம். "அதாலைதானே நடு ரோட்டிலை நிண்டனாங்கள்." அதற்குத்தான் எல்லோரும் அதிகமாகச் சிரித்தார்கள்.

அவள் தட்டை நீட்டினாள். விநாயகமூர்த்தி இரண்டு எடுத்துக்கொண்டார்.