பெர்சிதா மீட்ட ஆப்பிள்

தன்யூப் ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊர்த் தபால் நிலையத்தில் பார்சல் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் பெர்சிதா. ஐம்பத்து மூன்று வயது. ஊரில் பாதிப் பேர் வியன்னாவில் வேலை செய்கிறார்கள். அவர்களுக்குப் போகும் பார்சல்களை எடைபோட்டே இருபத்தெட்டு வருடம் ஓடிவிட்டது. கல்யாணம், ஞானஸ்நானம், சாவு எதுவானாலும் வீடியோ எடுத்து அங்கே அனுப்பியாக வேண்டும். ஒருமுறை அவள் மகள் அனுப்பிய வீடியோ திறக்கவில்லை. பெர்சிதா பத்து நாள் இணையத்தில் தேடி, காசு கேட்காத ஒரு மென்பொருளைக் கண்டுபிடித்து அதைத் திறந்தாள். அதிலிருந்து ஊரில் கெட்டுப்போன வீடியோக்கள் அவளிடம் வந்தன. பத்தில் ஆறு பிழைத்தன. மற்ற நான்கைப் பற்றித்தான் ஊர் பேசியது.

ஜூனில் பாவுனுக்குக் கல்யாணம். பெண் வீட்டு முற்றத்தில் உயரமான கம்பின் நுனியில் ஆப்பிள் தொங்கியது. மாப்பிள்ளை அதைச் சுட்டு வீழ்த்தினால்தான் பெண் வெளியே வருவாள். பாவுன் சுட்டான். பின்னால் நின்ற அவன் பெரியப்பா மகன் கிராதிமிரும் உதவிக்கு ஒரு குண்டு விட்டான். ஆப்பிள் விழுந்தது, பெண் வந்தாள். விருந்தில் பெண்ணின் அண்ணன் வெல்கோ கிளாசோடு எழுந்தான்.

"மாப்ளே, ஒரு சந்தேகம். தங்கச்சியை உனக்குக் கட்டிக் குடுத்தோமா, கிராதிமிருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். பாவுன் சிரிக்கவில்லை. கிராதிமிர் வேறு போதையில், "என் குண்டுதான்னு நெனைக்கிறேன்" என்றான். வெல்கோ சொன்னதைத் திரும்பப் பெறும்வரை அந்த வீட்டுப் படி ஏறமாட்டேன் என்று பாவுன் எழுந்து வந்துவிட்டான். அவன் மனைவி ருஷாவும் அக்டோபர்வரை தாய்வீட்டுப் பக்கம் போகவில்லை. நவம்பரில் அந்த வீட்டின் குலப் புனிதர் நாள், வருடத்துக்கு ஒருமுறை உறவெல்லாம் கூடும் விருந்து. அதற்கும் போகாவிட்டால் உறவு அறுந்தது என்று அர்த்தம்.

வீடியோ இருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். ஊர் வீடியோக்காரர் ஷிவ்கோவின் கேமராவில் பேட்டரி கிழடு. சமையலறையிலிருந்து நீளமாக வயர் இழுத்துத்தான் எடுப்பார். வேட்டுச் சத்தத்தில் மிரண்ட நாய் வயரைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டது. வீடியோ திறக்கவே இல்லை. ருஷா அதைப் பென்டிரைவில் போட்டுத் தபால் நிலையத்துக்கு எடுத்து வந்தாள்.

"அக்கா, இது செத்துப்போச்சுன்னு டவுன்ல சொல்லிட்டாங்க."

பெர்சிதா கணினியில் செருகிப் பார்த்தாள். மூன்று ஜிபி.

"காலி மூட்டைக்கு எடை இருக்காதுடி. உள்ளதான் இருக்கு."

கேமரா படத்தை எழுதிக்கொண்டே போகும். எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற பட்டியலை நிறுத்தும்போதுதான் எழுதும். நாய் அதற்கு நேரம் கொடுக்கவில்லை. அதே கேமராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றைக் காட்டினால், மென்பொருள் அதைப் பார்த்துக் கெட்டதற்கும் பட்டியல் போட்டுவிடும். ஆனால் அந்தக் கேமரா ஆகஸ்டில் மீன்பிடிப் போட்டியைப் படமெடுக்கும்போது தன்யூப் ஆற்றில் விழுந்து பாழாகிவிட்டது. ஷிவ்கோ புதுக் கேமராவில் தன் கோழிகளை எடுத்துக் கொடுத்தார். அதை வைத்துச் செய்ததில் பச்சைக் கட்டங்களும் பாதி நாயும் வந்தன.

"பழைய கேமராவுல எடுத்தது ஒண்ணுகூடவா இல்ல?"

"வெட்டி ஒட்டிக் குடுத்ததும் அழிச்சிருவேன். கார்டு என்ன ரொட்டியா, தினம் வாங்க?" ஷிவ்கோ தலையைச் சொறிந்தார். "ப்ளோரிகா மட்டும் வெட்டாம அப்படியே குடுன்னு வாங்கிட்டுப் போனா. நான் மூக்கு சிந்துறதுகூட வியன்னாவுல மகன் பாக்கணும்னா."

அது மே மாதம் செத்துப்போன அவள் கணவர் திராய்லோவின் சவ ஊர்வலம்.

மறுநாள் பாவுனின் அம்மா தபால் நிலையத்தில் வரிசையை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"சாவு வீடியோவை வச்சா என் மகன் கல்யாணத்தைத் தைக்கப் போற?"

"அதுலேருந்து படம் எதுவும் வராது, அக்கா. எழுதுற பழக்கத்தை மட்டும்தான் பாத்துக்கும்."

"பொணத்தோட பழக்கம் எங்களுக்கு எதுக்கு?"

வரிசையில் நின்றவர்களும் அவள் பக்கமே பேசினார்கள். பெர்சிதா கையை விரித்தாள். ருஷாதான் ப்ளோரிகா வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். ப்ளோரிகா முழுவதும் கேட்டாள்.

"தர்றேன். ஆனா அதை எங்க போட்டுக் காட்டுறீங்களோ, அங்க அவர் பேரைச் சொல்லித் தட்டு வைக்கணும். கிளாஸ் நெறைய ஊத்தணும். கூப்பிடாத விருந்துக்குப் போற ஆள் இல்ல அவரு."

தட்டு வைத்துவிட்டால் செத்தவர் விருந்தாளி. விருந்தாளியைக் குறை சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் வாய் வராது. பாவுனின் அம்மாவும் அடங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் பெர்சிதா திராய்லோவை ஒரு பக்கமும் கல்யாணத்தை ஒரு பக்கமும் வைத்து மென்பொருளை ஓடவிட்டாள். நாற்பது நிமிடம் எண்கள் ஏறின. பிறகு படம் திறந்தது. பார்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை. திங்களன்று ருஷா ஓடி வந்தபோது பென்டிரைவைப் பார்சல் தராசில் வைத்தாள்.

"எட்டு கிராம். புனிதர் நாளன்னைக்கு டெலிவரி."

"அவர் வரமாட்டேங்கிறாரே, அக்கா."

"நல்ல சட்டையா போட்டுக்கிட்டு வரச் சொல்லு."

பாவுனுக்கு அது போதுமாக இருந்தது.

வெல்கோ வீட்டில் நாற்பது பேர். மேசையின் தலைமாட்டில் திராய்லோவுக்குத் தட்டு, பக்கத்தில் விளிம்புவரை பிளம் சாராயம். எல்லோரும் அவர் பேரைச் சொன்ன பிறகுதான் டிவியைப் போட்டார்கள். பாவுன் துப்பாக்கியைத் தூக்கினான். சத்தம். ஆப்பிள் இரண்டாகப் பிளந்தது. பெர்சிதா நிறுத்தினாள். ஒவ்வொரு படமாக நகர்த்தி உரக்க எண்ணினாள். நான்காவது படத்தில் பாதி ஆப்பிள் கீழே போயிற்று. எட்டில் நூல் மட்டும் ஆடியது. பதினொன்றில் கிராதிமிரின் துப்பாக்கியிலிருந்து புகை கிளம்பியது.

கிராதிமிர் திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தான்.

"அப்ப நான் எதைச் சுட்டேன்?"

"ஆப்பிள் இருந்த எடத்தை" என்றாள் பெர்சிதா.

வீடே அதிர்ந்தது. வெல்கோ ஏழு முறை திரும்பப் போடச் சொன்னான். ஏழாவது முறை முடிந்ததும் எழுந்து போய்ப் பாவுனின் கிளாசை நிரப்பினான்.

"மாப்ளே, தங்கச்சி உனக்குத்தான்."

"ஜூன்லேருந்து எங்கிட்டதான் இருக்கா, மச்சான்."

ருஷா அதற்குள் அடுப்படிக்குப் போயிருந்தாள். அம்மாவும் மகளும் சேர்ந்து பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை தபால் நிலையத்தில் ஒன்பது பேர் வரிசையில் நின்றார்கள். யார் கையிலும் பார்சல் இல்லை. முதல் ஆள் ஷிவ்கோ. ஆற்றிலிருந்து மீட்ட கேமராவின் கார்டைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார்.

"மீன்பிடிப் போட்டி. தண்ணிக்குள்ள போறவரைக்கும் எடுத்திருக்கு."

"அதே கேமராதானே? இதுக்கும் திராய்லோதான் வரணும். தட்டு வைப்பியா?"

"ரெண்டு வைக்கிறேன்" என்றார் ஷிவ்கோ.