ஜீவராணி கட்டிய காப்பு

ஜீவராணி எங்கள் லயத்துப் பிள்ளை; தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளைத்தான் லயம் என்போம். பதினாறு வயது. அம்மா குவைத்தில் வீட்டு வேலை. அப்பா காத்தமுத்து ரப்பர் பால் வெட்டுகிறவன். கூலி குடிக்கே போய்விடும். பள்ளிக்கூடத்தில் யாராவது அம்மாவைப் பற்றிக் கேலி பேசினால் அவள் கைதான் பதில் சொல்லும்.

தக்‌ஷிகா தோட்ட ஆபீஸ் கிளாக்கர் ஞானசேகரத்தின் மகள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. தாய் அவளையும் அப்பாவையும் விட்டுப் போனதிலிருந்து யாரோடும் பேசமாட்டாள். அடிக்கிற பிள்ளையையும் பேசாத பிள்ளையையும் டீச்சர் கடைசி வாங்குப் பலகையில் ஒன்றாக உட்கார வைத்தார்.

தக்‌ஷிகா முதலில் வாய் திறந்தது ஜீவராணி பிய்த்துக் கொடுத்த ரொட்டியைக் கடித்துவிட்டுத்தான்.

“இது ரொட்டியோ, டயரோ?”

“ரப்பர் தோட்டத்து ரொட்டி அப்பிடித்தான் இருக்கும். மென்னு தின்னுங்க, மகாராணி.”

பிறகு பள்ளி விட்டால் இரண்டு பேரும் பிள்ளைக் காம்பராவுக்கு வந்துவிடுவார்கள். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை அங்கே நான்தான் பார்க்கிறேன். ஆளுக்கொரு குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அடக்கி அடக்கிச் சிரிப்பார்கள்.

பங்குனியில், மகளைக் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பக் காத்தமுத்து தரகரோடு பேசி முடித்தான்.

“அம்மா சித்திரைக்கு வந்துரும், ஆயாம்மா. வந்தா என்னைய விடாது. அதுவரைக்கும் இங்க இருந்துட்டா போதும்” என்று அழுதாள் ஜீவராணி.

தக்‌ஷிகாதான் வழி சொன்னாள். “காப்புக் கட்டினால் எல்லை தாண்டக் கூடாது எண்டு நீதானே சொன்னனீ? போய்க் கட்டு.”

அது எங்கள் மாரியம்மன் வழக்கம். பால்குடம் எடுக்கிறவர்கள் கையில் மஞ்சள் காப்புக் கட்டினால், திருவிழா முடியும்வரை தோட்டத்துப் பாலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பூசாரி காப்பை அறுத்துவிடுவார். இந்த முறை திருவிழா சித்திரை பிறக்கும்போதுதான் முடிகிறது. நானும் கட்டினேன், அவளும் கட்டினாள்.

காத்தமுத்து எவ்வளவு குடித்தாலும் அம்மனுக்குப் பயந்தவன். “ஆத்தா விசயம்ங்க” என்று தரகரைத் திருப்பி அனுப்பிவிட்டான்.

அதற்குள் கிளாக்கர் காதுக்கு எல்லாம் போயிற்று. “லயத்துப் பெட்டையோட உனக்கென்ன சிநேகிதம்?” என்று மகளை அடித்தார். மறுநாள் காலையிலேயே யாழ்ப்பாணத்தில் தன் தங்கை வீட்டுக்கு அவளை அனுப்பப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுக்குக் கூட்டிப் போனார்.

கேள்விப்பட்டு ஜீவராணி ஓடினாள். நான் பின்னால் ஓடினேன்.

“ராணி! காப்புடி! பாலத்துல நில்லு!”

நின்றாள். பஸ் வந்துவிட்டது. மிதிபலகையில் கால் வைத்த தக்‌ஷிகா திரும்பிப் பார்த்து, “வராதை! ராணி, வராதை!” என்று கத்தினாள்.

அந்தக் குரலைக் கேட்டதும் ஜீவராணி பாலத்தைத் தாண்டி ஓடினாள். என் கையிலும் காப்பு. நான் அங்கேயே நின்றுவிட்டேன். ஜன்னலில் நீண்ட கையைப் பிடித்துக்கொண்டே, பஸ் வேகம் எடுக்கும்வரை ஓடினாள்.

தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். மத்தியானம் பூசாரி தலையைக் குனிந்துகொண்டு காப்பை அறுத்தார். “நானா தாண்டச் சொன்னேன்?” என்றான் காத்தமுத்து. சாயங்காலமே தரகரின் வேன் வந்தது.

“ஆத்தா கோவிச்சுக்குமா, ஆயாம்மா?” என்று வேனில் ஏறும்போது ஜீவராணி கேட்டாள்.

“ஆத்தாவும் பொம்பளதாண்டி. கூட்டாளிய வழியனுப்பினதுக்கா கோவிச்சுக்கும்?” என்றேன்.

திருவிழாவில் என் குடத்திலேயே அவளுக்கும் சேர்த்துப் பால் ஊற்றிச் சுமந்தேன். அன்று சாயங்காலம் அவள் அம்மா பெட்டிகளோடு பாலத்தடியில் வந்து இறங்கினாள். கூட்டத்தைக் கண்ணால் துழாவிவிட்டு என்னிடம்தான் கேட்டாள்.

“எங்க எம் புள்ள? அவளும் பால்குடம் எடுத்தாளா?”